வழியில் நிற்கும் லாரியும் நம் வீட்டு வருமானமும்

தக்காளியைப் பறித்துப் பெட்டியில் அடுக்கி லாரியில் ஏற்றிவிட்டால் நம் வேலை முடிந்தது என்று நாம் எண்ணுகிறோம். தார்ப்பாய் போர்த்திக் கயிறு கட்டி, லாரி ஊர் எல்லையைத் தாண்டியதும் கை கால் கழுவிக்கொண்டு படுக்கப் போகிறோம். விடிந்ததும் மண்டிக்குப் போன் போட்டு, விலை என்ன போயிற்று என்று கேட்பதுதான் அடுத்த வேலை. இடையில் உள்ள அந்த ஏழெட்டு மணி நேரத்தில் நம் பொருள் எவர் எவர் தயவால் போய்ச் சேருகிறது என்பதை நாம் நினைத்துப் பார்ப்பதில்லை. நானும் நினைத்துப் பார்த்தவனல்ல. லோடுடன் ஒரு முறை நானே போக நேர்ந்தபோதுதான் அது எனக்குத் தெரிய வந்தது.

எனக்கு ராயக்கோட்டைப் பக்கம் மூன்று ஏக்கர் நிலம், கிணற்றுப் பாசனம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கோடையில் உள்ளூரில் தக்காளி விலை சரியில்லை. அக்கம்பக்கத்து விவசாயிகள் ஐந்து பேர் சேர்ந்து ஒரு லாரி பேசி, சென்னை கோயம்பேட்டுக்கு அனுப்புவது என்று முடிவு செய்தோம். கணக்குப் பார்க்க ஒருவர் கூடப் போக வேண்டும் என்று என்னை ஏற்றிவிட்டார்கள்.

மாலை 6 மணிக்குப் புறப்பட்டோம். கிருஷ்ணகிரி, வாணியம்பாடி, ஆம்பூர் வரையில் ஒரு தொல்லையும் இல்லை. வேலூரைத் தாண்டிச் சிறிது தூரம் போனதும் பின்னால் வெடி வைத்தது போல் ஓசை கேட்டது. பின் சக்கரத்தின் வெளி டயர் வெடித்துவிட்டது. அந்தப் பக்கத்துப் பாரம் முழுவதும் இனி உள் டயர் மேல்தான் விழும். அப்படியே ஓட்டினால் அதுவும் வெடிக்கும். ஸ்டெப்னியை மாட்டலாம் என்றால், அதைக் காலையிலேயே மாட்டியாகிவிட்டதாம். பஞ்சரான டயரை ஒட்டக் கொடுக்க அவருக்கு நேரம் இல்லை. "சீக்கிரம் வா, சீக்கிரம் வா" என்று அன்று பகல் முழுவதும் போன் போட்டு அவசரப்படுத்தியவர்கள் நாங்கள்தான்.

லாரி நின்ற உடனே கிளீனர் பையன் குதித்து ஓடி, வேலியோரம் மரக்கிளைகளை ஒடித்து, பின்னால் நூறடி தூரம் வரை இடம் விட்டு இடம் விட்டுப் போட்டான். டிரைவர் டார்ச் விளக்கைப் பிடித்துக்கொண்டு பின்பக்கம் நின்றார். நான்கைந்து லாரிகள் நிற்காமல் போய்விட்டன. மணி பதினொன்று ஆயிற்று. கோயம்பேட்டில் வியாபாரம் விடியுமுன்பே சூடுபிடித்துவிடும். வெயில் ஏறியபின் போய்ச் சேரும் தக்காளிக்கு என்ன விலை கிடைக்கும் என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அப்போது ஒரு லாரி ஓரங்கட்டி நின்றது. இறங்கி வந்தவர் ஆந்திரப் பக்கத்துக்காரர். தெலுங்கும் தமிழும் கலந்து, "என்ன ஆச்சு?" என்று மட்டும்தான் கேட்டார். டயரின் அளவைப் பார்த்தார். தம் லாரியிலிருந்து ஸ்டெப்னியைக் கழற்றி உருட்டிக்கொண்டு வந்தார். ஜாக்கியைக் கொடுத்து எங்கள் டிரைவர் மண்ணில் படுத்தார். இருவருமாக அரை மணி நேரத்தில் மாட்டிவிட்டார்கள். "இதை எப்படித் திருப்பிக் கொடுப்பது?" என்று நான் கேட்டேன். பூந்தமல்லிப் பக்கத்தில் ஒரு பஞ்சர் கடையைச் சொல்லி, "அங்கே போட்டுவிட்டுப் போங்கள். திரும்பி வரும்போது எடுத்துக்கொள்கிறேன்" என்றார். எழுத்து இல்லை, முன்பணம் இல்லை. லாரி டயர் ஒன்று இன்றைய விலையில் இருபதாயிரம் ரூபாய் அளவில் ஆகிறது. அதைவிடப் பெரிய விஷயம், அவர் ஸ்டெப்னி இல்லாமலே மீதி வழியைப் போனார் என்பது.

நாங்கள் மூன்றரை மணிக்குக் கோயம்பேடு சேர்ந்தோம். நல்ல விலைக்கே விற்றது. வரும் வழியில் டிரைவரிடம், "அவரை உனக்கு முன்பே தெரியுமா?" என்று கேட்டேன். "தெரியாதுங்கண்ணா. இனி பார்ப்பேனோ என்னவோ. நாளைக்கு வேறு எவனாவது நின்றால் நான் நிறுத்துவேன். அவ்வளவுதான் கணக்கு" என்றார்.

சாலையில் நடக்கும் கைமாற்று

நம் ஊரில் ஒரு வீட்டு நடவுக்கு இன்னொரு வீட்டார் ஆள் விடுவதும், பிறகு அவர்கள் நடவுக்கு இவர்கள் போவதும் உண்டு. அதில் கொடுத்தவருக்கே திரும்பி வரும். சாலையில் அப்படி இல்லை. வேலூரில் ஒருவர் செய்த உதவியை, வாங்கியவர் வேறு எங்கோ முகம் தெரியாத மற்றொருவருக்குச் செலுத்துகிறார். ஆயினும் கணக்கு நேராகிக்கொண்டுதான் வந்திருக்கிறது. ஏனெனில் எந்த லாரியும் என்றாவது ஒரு நாள் நிற்கும் என்பது லாரிக்காரர் அனைவருக்கும் தெரியும்.

இந்த உதவி பல வகை. பழைய லாரிகளில் டீசல் தீர்ந்து நின்றால் குழாயில் காற்றுப் புகுந்துகொள்ளும். பிறகு டீசல் ஊற்றினாலும் என்ஜின் கிளம்பாது. கைப்பம்பை அடித்துக் காற்றை வெளியேற்ற வேண்டும். அனுபவம் குறைந்த டிரைவர் திண்டாடும்போது, தெரிந்தவர் நின்று எடுத்துக் கொடுப்பார். ரேடியேட்டருக்குத் தண்ணீர், பட்டை உடைந்தால் கட்டிக்கொள்ளச் சங்கிலி, பெரிய ரிப்பேர் என்றால் மெக்கானிக்கை ஏற்றி வருவது, கையில் பணம் இல்லாதவருக்குக் கொடுத்துவிட்டுப் போவது என்று எத்தனையோ உண்டு. செல்போன் வருவதற்கு முந்திய நாட்களில், எதிரே போகும் லாரிக்காரரிடம் லாரி ஆபீஸ் பெயரைச் சொல்லிவிட்டால் போதும். சேதி போய்ச் சேர்ந்துவிடும்.

மலைப்பாதைகளில் இது உயிர் காக்கும் வழக்கம். தருமபுரிக்கும் சேலத்துக்கும் இடையே தொப்பூர் கணவாயில், பிரேக் பிடிக்காமல் இறக்கத்தில் வந்த லாரிகளால் பல விபத்துகள் நடந்துள்ளன. சத்தியமங்கலத்திலிருந்து கர்நாடகம் போகும் திம்பம் பாதையில் 27 கொண்டை ஊசி வளைவுகள். மேலே ஒரு லாரி திரும்ப முடியாமல் நின்றுவிட்டால், எதிரே இறங்குபவர் விளக்கை அணைத்துப் போட்டுக் கீழே வருபவருக்கு அடையாளம் காட்டுவார். ஏற்றத்தில் நின்ற லாரி பின்னோக்கி உருளாமல் இருக்கச் சக்கரத்துக்குக் கட்டை வைப்பதற்கு, எந்த லாரியின் கிளீனராக இருந்தாலும் ஓடி வருவார்.

2020 மார்ச் மாத இறுதியில் நாடு முழுவதும் ஊரடங்கு வந்தபோது இந்த வழக்கத்தின் அருமை தெரிந்தது. சரக்கு லாரி ஓடலாம் என்றார்கள். ஆனால் சாலையோரச் சாப்பாட்டுக் கடைகளும் பஞ்சர் கடைகளும் மூடிக் கிடந்தன. ஒரு லாரியில் இருந்த அரிசியும் அடுப்பும் நான்கு லாரிக்காரருக்குப் பொதுவாயின. அந்த ஆண்டு மே 5-ல் கோயம்பேடு மூடப்பட்டு, காய்கறி மொத்த வியாபாரம் திருமழிசைக்கு மாற்றப்பட்டது. எந்த வழியில் போவது, எங்கே நிறுத்துகிறார்கள் என்பதையெல்லாம் டிரைவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டே நம் காய்கறியைக் கொண்டு போய்ச் சேர்த்தார்கள்.

பயிர்க் காப்பீட்டுக்குப் பிரிமியம் கட்டுகிறோம். ஆனால் பறித்த காய் சந்தை சேரும்வரை நம்மைக் காப்பது பெரும்பாலும் லாரிக்காரர்களின் இந்த வழக்கம்தான். இதற்கு நாம் ஒரு காசும் கட்டுவதில்லை. கட்டாதது மட்டுமல்ல, சில சமயம் அதைக் கெடுக்கவும் செய்கிறோம். நான் செய்ததையே சொல்கிறேன்.

நாங்கள் பிடித்த ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்

மேலே சொன்ன நிகழ்ச்சிக்கு இரண்டு ஆண்டுகள் கழித்து, அதே ஐந்து பேர் மீண்டும் கோயம்பேட்டுக்கு லோடு அனுப்பினோம். லாரியும் வேறு, டிரைவரும் வேறு. அவரோ இளவயதுக்காரர். நள்ளிரவுக்குப் பின் வழியில் ஒரு சரக்கு வண்டி கவிழ்ந்து கிடந்ததாம். இவர் நிறுத்தி, உள்ளே மாட்டிக்கொண்டவரை இன்னொரு லாரிக்காரருடன் சேர்ந்து வெளியே எடுத்து, ஆம்புலன்ஸ் வரும்வரை கூட இருந்திருக்கிறார். நம் தக்காளி காலை 7 மணிக்குத்தான் போய்ச் சேர்ந்தது. விலை இறங்கிவிட்டது. பெட்டிக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டால் ஐந்து பேருக்கும் நஷ்டம்தான்.

வாடகை கொடுக்கும்போது பேச்சு வந்தது. "உன்னை யார் நிற்கச் சொன்னது?" என்று கேட்டவர்களில் நானும் ஒருவன். ரூ. 1,500-ஐப் பிடித்துக்கொண்டோம். அவர் சண்டை போடவில்லை. "சரிங்கண்ணா" என்று மீதியை எண்ணி வாங்கிக்கொண்டு போனார். பிறகு நம் ஊர் லோடுக்கு அவர் வந்ததே இல்லை.

அன்று இரவு வீட்டில் இதைச் சொன்னேன். என் மனைவி சாதம் போட்டுக்கொண்டே, "அன்னைக்கு உங்களுக்கு டயர் கொடுத்தாரே, அவருக்கும் யாராவது வாடகையைப் பிடிச்சிருப்பாங்களோ என்னவோ" என்றாள். அந்த ஆந்திர லாரியிலும் ஏதோ சரக்கு இருந்தது. அதற்கும் ஒரு சொந்தக்காரர் இருந்திருப்பார். அரை மணி நேரத் தாமதம் அவருக்கும்தான். அது எனக்கு அதுவரை தோன்றவே இல்லை.

வழக்கம் ஏன் தேய்கிறது?

இப்போது நிற்கிற லாரிகள் குறைந்து வருகின்றன என்று பழைய டிரைவர்கள் சொல்கிறார்கள். அதற்குக் காரணங்கள் உண்டு.

முதலாவது, கிளீனர் இல்லாத லாரிகள் பெருகிவிட்டன. வாடகை கட்டுப்படியாகவில்லை என்று உரிமையாளர் கிளீனரை நிறுத்திவிடுகிறார். தனி ஆளாக ஓட்டுபவர் நள்ளிரவில் லோடை விட்டு இறங்கத் தயங்குவது இயல்பே. இரண்டாவது, உதவி கேட்பது போல் நிறுத்திக் கொள்ளையடிப்பவர்கள் பற்றிய பயம். மூன்றாவது, நான்கு வழிச் சாலையில் வேகமாக வரும் வண்டியை நிறுத்துவதே ஆபத்து. நான்காவது, விபத்தில் உதவப் போய் வழக்கில் மாட்டிக்கொள்வோமோ என்ற அச்சம்.

இந்தக் கடைசி அச்சத்துக்கு இப்போது இடமில்லை. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 134-ஏ பிரிவு, விபத்தில் சிக்கியவருக்கு நல்லெண்ணத்தோடு உதவுபவர் மீது சிவில் வழக்கோ கிரிமினல் வழக்கோ வராமல் பாதுகாப்புத் தருகிறது. உதவியவர் தம் பெயரையும் முகவரியையும் சொல்லியே தீரவேண்டும் என்று வற்புறுத்தக் கூடாது என 2020-ல் வந்த விதிகள் கூறுகின்றன. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய 'நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், இம்மாநில எல்லைக்குள் விபத்தில் அடிபட்டவர் எந்த மாநிலத்தவரானாலும், திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனையிலும்கூட முதல் 48 மணி நேரம் இலவச சிகிச்சை உண்டு. இதை நம் ஊர் டிரைவர்களுக்கு நாம் எடுத்துச் சொல்லலாம்.

ஐந்தாவதாக ஒரு காரணம் உண்டு. அது நாம்தான். பகல் 2 மணிக்கு லாரியை வரச் சொல்கிறோம். பறிப்பு முடியவில்லை, பெட்டி போதவில்லை, பக்கத்துத் தோட்டத்துக்காரர் இன்னும் வரவில்லை என்று மாலை 6 மணி வரை நிறுத்தி வைக்கிறோம். பிறகு, "விடியற்காலை இரண்டு மணிக்கு மண்டியில் இருக்க வேண்டும்" என்கிறோம். நாம் வீணாக்கிய நேரத்தை அவர் எங்கே போய் எடுப்பார்? தூக்கத்திலிருந்து எடுக்கிறார், பிரேக்கிலிருந்து எடுக்கிறார், வழியில் கைகாட்டி நிற்பவருக்குக் கொடுக்க வேண்டிய அரை மணியிலிருந்து எடுக்கிறார். கைகாட்டி நிற்கும் அந்த லாரியில் இருப்பது நம்மைப் போன்ற ஒரு விவசாயியின் வெங்காயமாகவோ வாழைத்தாராகவோ இருக்கும்.

நம் பக்கத்துத் தவறுகள்

கசப்பாக இருந்தாலும் இன்னும் சிலவற்றைச் சொல்ல வேண்டும்.

லாரி கவிழ்ந்தால் சாக்கையும் குடத்தையும் எடுத்துக்கொண்டு ஓடுகிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். டிரைவர் உள்ளே முனகிக்கொண்டிருக்க, வெளியே மீனையும் பழத்தையும் எண்ணெயையும் அள்ளுகிறார்கள். சிதறிக் கிடக்கும் சரக்கில் பெரும்பகுதி நம்மைப் போன்ற ஒரு விவசாயியின் ஓராண்டு உழைப்பு. நம் களத்து நெல்லை ஒருவன் அள்ளினால் சும்மா இருப்போமா?

எங்கள் மாவட்டத்தில் கேழ்வரகுக் கதிரையும் கொள்ளுச் செடியையும் தார்ச்சாலையில் பரப்பி, வண்டிச் சக்கரத்தால் மிதிபட விடும் பழக்கம் உண்டு. இருசக்கர வண்டிகள் வழுக்குகின்றன. காய்ந்த செடி வாகனங்களின் அடியில் சுற்றிக்கொண்டு தீப்பிடிக்கவும் கூடும். இரவில் தானியக் குவியலைச் சுற்றி வைக்கும் கற்கள் எமனாகின்றன. நான் பல ஆண்டுகள் இதைச் செய்தவன். உலர்களம் இல்லாத ஊரில் வேறு வழி இல்லை என்பதும் உண்மையே. அதற்குப் பஞ்சாயத்தில் களம் கேட்டு வாங்க வேண்டுமேயன்றி, சாலையைக் களமாக்கக் கூடாது.

கரும்பு ஏற்றிய டிராக்டர் டிரெயிலர்களில் பின் விளக்கும் இல்லை, சிவப்புப் பட்டையும் இல்லை. இருட்டில் அதன் மேல் மோதிய பிறகுதான் அங்கே வண்டி இருப்பது தெரிகிறது.

"இன்னும் இருபது பெட்டி போடப்பா, என்ன ஆகிவிடும்?" என்று கெஞ்சுவதும் நாமே. டயர் வெடிப்பதற்கும் பட்டை உடைவதற்கும் அதிக பாரம் முக்கியக் காரணம். 2019 திருத்தச் சட்டப்படி அதிக பாரத்துக்கு ரூ. 20,000 அபராதம், அதற்கு மேல், கூடுதலாக உள்ள ஒவ்வொரு டன்னுக்கும் ரூ. 2,000. இருபது பெட்டியின் வாடகையில் நாம் மிச்சம் பிடிப்பது எவ்வளவு?

நாம் செய்யக் கூடியவை

விவசாய நண்பர்கள் கீழ்க்கண்டவற்றைக் கடைப்பிடித்தால் நல்லது. இவற்றில் பெரிய செலவு எதுவும் இல்லை.

1. லாரி வருமுன் பறிப்பையும் பெட்டி அடுக்குவதையும் முடித்துவிட வேண்டும். இரண்டு மூன்று பேர் சேர்ந்து லோடு போடுவதானால், யார் தோட்டத்தில் எத்தனை மணிக்கு ஏற்றுவது என்று முதல் நாளே பேசிக்கொள்ள வேண்டும்.

2. லாரி பேசும்போதே, விபத்திலோ பழுதிலோ சிக்கியவருக்கு உதவி செய்ததால் ஏற்படும் தாமதத்துக்கு வாடகையில் பிடித்தம் இல்லை என்று சொல்லிவிட வேண்டும். உண்மையாக நின்றாரா, தூங்கிவிட்டுக் கதை சொல்கிறாரா என்ற சந்தேகம் வரும். அதே வழியில் வந்த மற்ற லாரிக்காரரிடம் விசாரித்தால் தெரிந்துவிடும். ஒரு சிலர் ஏமாற்றுவார்கள் என்பதற்காக நல்லவரைத் தண்டிக்கக் கூடாது.

3. நம் ஊர் எல்லையில் லாரி நின்றால் போய்க் கேட்க வேண்டும். தண்ணீர், ஒரு வேளைச் சாப்பாடு, வெளிச்சம், இழுக்க ஒரு டிராக்டர் ஆகியவை நம்மிடம் இருப்பவைதானே? அழுகும் சரக்கு என்றால், வேறு வண்டிக்கு மாற்றி ஏற்ற நான்கு ஆட்களைச் சேர்த்துக் கொடுக்கலாம். வெளிமாநிலத்து டிரைவருக்கு நம் பாஷை தெரியாது; மெக்கானிக் இருக்கும் இடத்தை நாம்தான் காட்ட வேண்டும்.

4. விபத்து என்றால் 108-க்கும், தேசிய நெடுஞ்சாலையானால் 1033-க்கும் உடனே போன் செய்ய வேண்டும். சரக்கை அள்ள விடாமல் ஊர்ப் பெரியவர்கள் காவல் நிற்க வேண்டும்.

5. டிராக்டர், டிரெயிலர், மாட்டு வண்டி எல்லாவற்றின் பின்னாலும் ஒளி திருப்பும் சிவப்புப் பட்டை ஒட்ட வேண்டும்.

6. பழுது பார்த்துப் போன லாரிக்குப் பின்னால் சாலையில் கிடக்கும் கல்லையும் கிளையையும் அப்புறப்படுத்த வேண்டும். அவசரத்தில் டிரைவர்கள் விட்டுப் போவது உண்டு. அடுத்து வருபவனுக்கு அதுவே ஆபத்து. இதை டிரைவர்களுக்கும் சொல்ல வேண்டும்.

"விற்று வந்தால்தான் எங்களுக்குக் கஞ்சி. ஊருக்கு உபகாரம் செய்ய எங்களிடம் என்ன இருக்கிறது?" என்று கேட்கலாம். சிறு விவசாயிக்கு ஒரு மணி நேரத் தாமதம் எவ்வளவு பெரிய அடி என்பதை அனுபவித்தவன் நான். ஆயினும், எந்த லாரியும் நிற்காத சாலையில் பெரிய கம்பெனிகளின் சரக்கு எப்படியும் போய்விடும். அவர்களுக்கு மாற்று வண்டி உண்டு, இன்ஷூரன்ஸ் உண்டு. ஐந்து பேர் சேர்ந்து ஒரு லாரி பேசுகிற நமக்குத்தான் வேறு போக்கிடம் இல்லை.

லாரிக்காரர்கள் நமக்கு அந்நியரும் அல்லர். நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரங்களில் மானாவாரி நிலத்தை நம்பிப் பிழைக்க முடியாமல் லாரித் தொழிலுக்கு வந்த குடும்பங்கள் பல. நம் முன்னோரும் இந்த தர்மத்தை அறிந்தவர்கள். தலைச்சுமையோடு நடந்து போகும் முகம் தெரியாத வழிப்போக்கன், மற்றொருவர் கை கொடுக்காமலே சுமையை இறக்கி வைத்து இளைப்பாறட்டும் என்று சாலையோரம் சுமைதாங்கிக் கல் நட்டார்கள். எங்கள் ஊர்ச் சாலையில் இன்னும் ஒன்று நிற்கிறது. சுமை இப்போது லாரிக்கு மாறியிருக்கிறது, அவ்வளவே.

நாங்கள் வாடகையில் பிடித்த ரூ. 1,500-ஐ எங்கள் ஐந்து பேரிடமும் வசூலித்து, அந்த டிரைவரிடம் சேர்த்துவிட லாரி ஆபீஸ் மூலம் கொடுத்தனுப்பினேன். ஒருவர் மட்டும் தர மறுத்தார். அவர் பங்கை நான் போட்டேன். வருகிற பட்டத்துக்கு அவர் வண்டியையே பேச வேண்டும் என்று இருக்கிறேன். அவர் வருவாரா என்பது அவர் விருப்பம். வந்தால், லாரி வாசலுக்கு வரும்போது பெட்டிகள் அடுக்கித் தயாராக இருக்கும்.